அறுபத்தெட்டு கிலோ

தம்பி: ...இல்லக்கா, நீ கதவு மாறி வந்துட்டே. தையல் கிளாஸ் மாடியில. இது ஜிம்.

அக்கா: போர்டைப் படிச்சிட்டுத்தான் வந்தேன்.

தம்பி: ஒன்பது வருஷமா இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதவ...

அக்கா: பேசி முடிச்சிட்டியா? அந்தக் கம்பி எவ்வளவு எடை?

தம்பி: எந்தக் கம்பி?

அக்கா: அதோ, தரையில கிடக்கே.

தம்பி: அதுக்குப் பேரு பார். வெறும் பாரே இருபது கிலோ. ஏன், துணி காயப்போடணுமா?

அக்கா: நான் அறுபத்தெட்டு கிலோ தூக்கணும்.

தம்பி: யாரு?

அக்கா: நான்தான்.

தம்பி: ...

அக்கா: சிரிச்சு முடி. நிக்கறேன்.

தம்பி: சிரிக்கலக்கா... இருமல். சரி, கொஞ்சம் சிரிச்சேன். பின்ன என்ன? சீனாக்காரங்க மெதுவாக் கையைக் காலை அசைச்சுப் பண்ற தாய் சிக்கு டீச்சர், ஜிம்முக்குள்ள வந்து நின்னா யாருக்கும் சிரிப்பு வரும். 'எடையைத் தொட்டா உடம்பு கட்டையாயிடும், உள்சக்தி ஓடற வழியில கல்லைப் போட்டு அடைச்ச மாதிரி ஆயிடும்'னு பேசினவளே நீதானே? நூலகத்துல கிளாஸ் ஆரம்பிச்ச அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன்.

அக்கா: இருந்தே. நல்லா ஞாபகம் இருக்கு.

தம்பி: அக்கா... அன்னிக்கு நடந்ததுக்கு...

அக்கா: அதைப் பேச வரல.

தம்பி: நான் பேசறேனே. 'யாராவது வந்து என்னைத் தள்ளிப் பாருங்க'ன்னு சொன்னே. இருபத்தேழு பேர் உட்கார்ந்திருந்தாங்க. நான் விளையாட்டாத்தான் எழுந்து வந்தேன். கொஞ்சம் மெதுவாத் தள்ளியிருக்கலாம்...

அக்கா: முழு பலத்தையும் போட்டுத் தள்ளினே. நான் போய் நாற்காலியில விழுந்தேன். நாற்காலி உடைஞ்சுது.

தம்பி: அது ஏற்கனவே ஆடிக்கிட்டிருந்த நாற்காலி.

அக்கா: இருபத்தேழு பேர்ல அடுத்த கிளாஸுக்கு வந்தது ஒன்பது பேர். வராத பதினெட்டு பேரும் ஆட்டங்கண்ட நாற்காலியா? போனது போகட்டும். சொல்லித்தருவியா, மாட்டியா? ஒரே வார்த்தை.

தம்பி: அம்பத்து மூணு வயசுல திடீர்னு... அது ஏன் அறுபத்தெட்டு? எழுபதுன்னாகூடப் புரியும். அறுபத்தெட்டுன்னு ஒரு கணக்கு உண்டா?

அக்கா: ஒரு நிபந்தனை. ஏன், எதுக்குன்னு கேட்கக் கூடாது.

தம்பி: கேட்டா?

அக்கா: அடுத்த தெருவுல இன்னொரு ஜிம் இருக்கு.

தம்பி: அவன்கிட்டயா! முதுகை ரெண்டா ஒடிச்சுக் கையில கொடுத்துடுவான். சரி... கேட்கல. மதியம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் இங்க ஈ காக்கா இருக்காது. திங்கள், புதன், சனி. சரியா?

அக்கா: சரி. ஆரம்பி.

தம்பி: இப்பவேவா?

அக்கா: பின்ன, நாள் பார்க்கணுமா?

தம்பி: சரி, இப்படி நில்லு. பாரு, ரெண்டு கையிலயும் பை இருக்கு, காரோட கதவைச் சாத்தணும். எப்படிச் சாத்துவே?

அக்கா: இடுப்பால.

தம்பி: அதேதான். இடுப்பு பின்னால போகட்டும். முதுகு வளையக் கூடாது... இல்ல, முட்டியை ரொம்ப மடக்காதே... அட.

அக்கா: என்ன அட?

தம்பி: ஒண்ணுமில்ல. இதைப் புரியவைக்க எனக்கு ஒருத்தனுக்கு ஒரு மாசம் ஆகும். நீ எப்படி ரெண்டே நிமிஷத்துல... பாதம் ரெண்டும் தரையைக் கவ்விக்கிட்டு நிக்குது.

அக்கா: தினமும் ஒரு மணி நேரம் மரம் மாதிரி நிக்கறவடா நான். வேர்விட்டு நிக்கறதுன்னு சொல்வோம். அந்த சக்தி காலடியிலேர்ந்து...

தம்பி: அதுக்கு என்னமோ ஒரு பேர் சொல்வியே...

அக்கா: சீ.

தம்பி: ஏன் திட்டறே? பேர்தானே கேட்டேன்.

அக்கா: பேரே அதுதான்டா!

தம்பி: நல்ல பேரு வெச்சான். சரி, அந்த... அதைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு பாரைப் பிடி.

அக்கா: ஓரமா எல்லாம் வைக்க முடியாது. அது நான் எங்க போனாலும் கூட வரும்.

தம்பி: வரட்டும். அதுக்குத் தனியா சந்தா கிடையாது. பிடி!

*

அக்கா: நான் இனிமே வரல.

தம்பி: என்னது? மூணாவது வாரம் இது. நேத்துவரைக்கும் நல்லாத்தானே போச்சு? முப்பத்தஞ்சு தூக்கிட்டே.

அக்கா: தோளைப் பாரு. காதுகிட்ட ஏறி உட்கார்ந்திருக்கு. காலையில கிளாஸ்ல கையை எடுக்கறேன், பெரியம்மா ஒருத்தங்க சொல்றாங்க... 'டீச்சர், உங்க கை முன்னெல்லாம் தண்ணிக்குள்ள போற மாதிரி இருக்கும், இன்னிக்கு பூட்டின கதவைத் தள்ற மாதிரி இருக்கு'ன்னு. எல்லாரும் கேட்டாங்க.

தம்பி: எத்தனை மணி கிளாஸ்?

அக்கா: ஆறரை.

தம்பி: நேத்து சாயங்காலம் நாலு மணிவரைக்கும் இங்க தூக்கினே. காலையில உடம்பு மரக்கட்டையாத்தான் இருக்கும். அது எடையோட தப்பு இல்ல, ஓய்வு கொடுக்காத உன்னோட தப்பு. எந்தக் கிழமை தூக்கறது, எந்தக் கிழமை கிளாஸுன்னு மாத்திப் போடலாம்.

அக்கா: ஓய்வுங்கறது வேற. இது வேற. நீ முறுக்கிக்கிட்டுத் தூக்கச் சொல்றே. நாங்க இத்தனை வருஷமா முறுக்கை அவிழ்க்கறதுக்குத்தான் பாடுபடறோம். ரெண்டும் எதிரும் புதிரும்.

தம்பி: அப்படியா? ஒரு கேள்வி. விரலை மூடத் தெரியாத ஒருத்தன் கையை விரிச்சுக் காட்டி, 'பாரு, எவ்வளவு தளர்வா இருக்கு'ன்னா ஒத்துப்பியா?

அக்கா: என்ன உளர்றே?

தம்பி: இறுக்கத் தெரிஞ்சவன்தான் தளர்த்த முடியும்னு சொல்றேன். நீ தளர்வுன்னு நினைச்சதுல பாதி, வெறும் பலவீனமா இருந்துட்டா? கோபப்படாதே. நான்...

அக்கா: எழுந்து வா.

தம்பி: எதுக்கு?

அக்கா: தள்ளு என்னை.

தம்பி: அக்கா, வேண்டாம். ஒரு தடவை பட்டதே போதும்.

அக்கா: உன் வாய்க்கு இருக்கற தைரியம் கைக்கு இல்லையா? இங்க நாற்காலியும் இல்ல. தள்ளு.

தம்பி: சரி... மெதுவா...

அக்கா: மெதுவாத் தள்ளினா கிளம்பிப் போயிடுவேன்.

தம்பி: ...

அக்கா: இன்னும்.

தம்பி: ...இரு. எங்க போகுது? நான் தள்றது எங்க போகுது? பஞ்சு மூட்டையில கையை விட்ட மாதிரி... ஏய்! ஏய், நான்தான் பின்னால போறேன்!

அக்கா: ஷூவை மாத்து. வழுக்குது.

தம்பி: ஷூ இல்லக்கா! நீ என்ன பண்ணினே? கையைக்கூட அசைக்கல!

அக்கா: வந்த பலத்தைக் காலுக்கு அனுப்பினேன். அவ்வளவுதான். அது எனக்கு முன்னாடியும் தெரியும்.

தம்பி: முன்னாடி தெரிஞ்சா அன்னிக்கு ஏன் விழுந்தே? மன்னிச்சுக்கோ, வாய் தவறி...

அக்கா: இல்ல, கேட்ட கேள்வி சரிதான். அன்னிக்கும் அனுப்பினேன்டா. ஒண்ணு, ரெண்டு வரைக்கும் தாங்கும். மூணாவது நொடியில தொடை வெடவெடன்னு ஆடும். எப்பவுமே அப்படித்தான். சக்தி அடைபட்டிருக்கு, இன்னும் நின்னு பழகணும்னு நினைச்சுக்கிட்டே ஒன்பது வருஷம் ஓடிப்போச்சு.

தம்பி: இன்னிக்கு?

அக்கா: நீ தள்ளிக்கிட்டே இருந்தே. பத்து நொடி இருக்கும். தொடை ஆடல.

தம்பி: அப்போ...

அக்கா: அப்போன்னு உடனே கொடி பிடிக்காதே. ஒரு விஷயம் ஒத்துக்கறேன். வழி எனக்குத் தெரியும். வழியைத் தாங்கற சுவர் பத்தல.

தம்பி: அட்டகாசம்! இதைப் பெருசா எழுதி இங்க மாட்டட்டுமா?

அக்கா: மாட்டு. பக்கத்துல இன்னொண்ணும் எழுதி மாட்டு. 'இந்த ஜிம் மாஸ்டருக்கு மூச்சு விடத் தெரியாது.'

தம்பி: எனக்கா தெரியாது?

அக்கா: தூக்கிக் காட்டறேன்னு நீ தூக்கறப்போ பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். மூச்சை அடைச்சு அடைச்சு வெக்கறே. முகம் பீட்ரூட் ஆகுது, கழுத்துல நரம்பு புடைக்குது. வெச்சதுக்கப்புறம் சுவரைப் பிடிச்சுக்கறே.

தம்பி: அது... எல்லாரும் பண்றதுதான். இன்னிக்கு வெறும் பாரை மட்டும் பிடி, நேரம் ஆகுது.

அக்கா: பேச்சை மாத்தறே.

தம்பி: நீ வரலைன்னு சொன்னதையும்தான் மாத்திட்டே. பிடி.

*

தம்பி: விடு! விடுக்கா, கையை எடு! ...பட்டுச்சா? கால்ல பட்டுச்சா?

அக்கா: இல்ல.

தம்பி: கையைக் காட்டு. தோல் உரிஞ்சிருக்கு. பரவாயில்ல, அம்பத்திரண்டு கிலோவுக்கு உன் காலும் முதுகும் தயார். பிடிதான் நழுவுது. எல்லாருக்கும் முதல்ல விடறது விரல்தான். ஏழே வாரத்துல இவ்வளவு வந்ததே பெரிசு. இந்தா, இந்தப் பட்டையை மணிக்கட்டுல கட்டிக்கோ. ஒரு முனையை பார்ல சுத்திட்டா, விரல் விட்டாலும் பார் விழாது.

அக்கா: வேண்டாம்.

தம்பி: வெட்கப்பட ஒண்ணுமில்ல, பெரிய பெரிய ஆளுங்களே...

அக்கா: வேண்டாம்னு சொன்னேன்ல! பட்டை கட்டிக்கிட்டா மனுஷனைப் பிடிக்க முடியும்? படியில விழப்போறவர்கிட்ட 'கொஞ்சம் இருங்க, பட்டை கட்டிக்கிட்டு வந்துடறேன்'னு சொல்ல முடியுமா?

தம்பி: ...எந்த மனுஷன்?

அக்கா: ...

தம்பி: அக்கா. உட்காரு. இந்த பெஞ்சுல. தண்ணி குடி. கேட்கக் கூடாதுன்னு சொன்னே, ஏழு வாரமா கேட்கல. இப்பவும் கேட்கல. நீயா சொன்னா கேட்டுக்கறேன்.

அக்கா: என் கிளாஸ்ல தபால்காரர் ஒருத்தர். ரிட்டயர் ஆனவர். ஆறு வருஷமா ஒரு நாள் தவறினது இல்ல.

தம்பி: நூலகப் படியில விழுந்தாரே, இடுப்பு எலும்பு உடைஞ்சுபோய்... கேள்விப்பட்டேன்.

அக்கா: என்ன கேள்விப்பட்டே?

தம்பி: கிளாஸ் முடிஞ்சு இறங்கறப்போ தலை சுத்தி விழுந்துட்டார்னு. நீ பின்னாடி வந்துக்கிட்டிருந்தே, ஓடி வர்றதுக்குள்ள...

அக்கா: நான் பின்னாடி வரல.

தம்பி: ம்?

அக்கா: பக்கத்துல வந்தேன். பேசிக்கிட்டே இறங்கினோம். மூணாவது படியில அவருக்குக் கண்ணு ஒரு மாதிரி சொருகிச்சு. சட்டுனு கையைப் பிடிச்சேன். பிடிச்சேன்டா! மணிக்கட்டைச் சரியாப் பிடிச்சேன். காலை ஊன்றி நின்னேன். எல்லாம் சொல்லிக்கொடுத்த மாதிரியே பண்ணினேன். அவரோட மொத்தக் கனமும் தொங்குது. முதல்ல சுண்டுவிரல் விட்டுது. அப்புறம் அடுத்த விரல். ஒண்ணொண்ணா... நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். ஆஸ்பத்திரியில ஒரு சீட்டைக் கொடுத்து வெச்சுக்கச் சொன்னாங்க. அதுல எழுதியிருந்துது. எடை அறுபத்தெட்டு.

தம்பி: அக்கா, நான் சொல்றதைக் கேளு. படியில நின்னுக்கிட்டு, ஒரு கையால, தொங்கற மனுஷனை... என்னாலயே முடியுமான்னு சந்தேகம். இந்த ஊர்ல ஒருத்தனாலயும் முடியாது. உன் மேல தப்பே இல்ல.

அக்கா: விட்டது தப்பு இல்ல. எனக்கும் தெரியும். அதுக்கப்புறம் சொன்னதுதான் தப்பு. அவர் மனைவிகிட்ட, பொண்ணுகிட்ட, கிளாஸ்ல எல்லார்கிட்டயும், 'நான் பின்னாடி வந்துக்கிட்டிருந்தேன்'னு சொன்னேன்.

தம்பி: ஏன்?

அக்கா: அன்னிக்குக் காலையிலதான் கிளாஸ்ல சொல்லியிருந்தேன். 'உள்சக்தி பழகினவங்களுக்கு உடல் பலம் தேவையே இல்ல'ன்னு. தபால்காரர் முதல் வரிசையில நின்னு தலையாட்டிக்கிட்டு இருந்தார். அரை மணி நேரத்துல... எப்படிடா சொல்வேன்? அதே வாயால எப்படிச் சொல்வேன்?

தம்பி: போய்ப் பார்த்தியா அவரை?

அக்கா: ஆஸ்பத்திரியில இருந்தவரைக்கும் போனேன். வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் போகல. என்ன முகத்தை வெச்சுக்கிட்டுப் போக? அறுபத்தெட்டு கிலோவைக் கையால பிடிச்சு நின்னுட்டு, அதுக்கப்புறம் போறேன். அப்போ சொல்றேன்.

தம்பி: முதல்ல போய்ச் சொல்லிடலாமே.

அக்கா: வெறும் கையோட போய் 'தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்'னு சொன்னா, அது அழுதுட்டு வர்றது. 'இதான் சரின்னு தெரிஞ்சுக்கிட்டேன், பண்ணியும் பார்த்துட்டேன்'னு சொல்லணும் எனக்கு. அவர் திரும்பி வந்து நிக்கறப்போ அவருக்கு நான் எதைச் சொல்லிக்கொடுக்கணுமோ, அது என் கையில இருக்கணும்.

தம்பி: சரி. அப்போ பட்டை வேண்டாம்.

அக்கா: வேண்டாம்.

தம்பி: எழுந்திரு. எடையைக் குறைச்சு நாற்பது போடறேன். தூக்கி நிக்கறே, இருபது எண்றவரைக்கும் விடாம. தினமும் வீட்டுல ரெண்டு வாளித் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு நீ சொல்ற அந்த மர நிலையில நில்லு. விரலுக்கு வேலை கொடுத்தே ஆகணும்.

அக்கா: வாளியைப் பிடிச்சுக்கிட்டு மர நிலையா? என் மாஸ்டர் பார்த்தார்னா...

தம்பி: பார்த்தா?

அக்கா: அவரே ஒரு வாளியைத் தூக்கி என் தலையில கவுத்துடுவார்.

தம்பி: சிரிச்சிட்டே. ஏழு வாரத்துல முதல் தடவை. எழுந்திரு, எழுந்திரு.

*

தம்பி: என்ன, பை இவ்வளவு பெரிசா இருக்கு?

அக்கா: பலகை. கிளாஸ் வாசல்ல தொங்கிக்கிட்டிருந்ததைக் கழட்டிட்டேன்.

தம்பி: மாஸ்டர் பேர் போட்ட பலகையா? ஏன்?

அக்கா: அவருக்கு விவரமா எழுதினேன். பன்னிரண்டு வாரமா எடை தூக்கறேன், கிளாஸ்லயும் சொல்லித்தரப் போறேன், முதல்ல எடை, ஒரு நாள் விட்டு மெதுவான பயிற்சின்னு. எனக்கு என்னென்ன மாறிச்சுன்னு எல்லாம் எழுதினேன். கால் நிலை ரெண்டு அங்குலம் இறங்கியிருக்கு, ஒத்தைக் கால்ல திரும்பறப்போ அலைபாயல, உள்ளங்கையில வர்ற அந்தக் கதகதப்பு குறையல, கூடித்தான் இருக்கு...

தம்பி: என்ன பதில் போட்டார்?

அக்கா: ரெண்டு வரி. 'கண்டதையும் சேர்த்துக் கலக்கற கடைக்கு என் பேர் வேண்டாம். பலகையைத் திருப்பி அனுப்பு.'

தம்பி: அவ்வளவுதானா? இருபது வருஷப் பழக்கம்...

அக்கா: நிக்கக் கத்துக்கொடுத்தவர். அதுக்கு ஆயுசுக்கும் நன்றி. ஆனா அவர் அந்தப் படியில நிக்கல, நான் நின்னேன். பலகையை நாளைக்கு அனுப்பிடுவேன். பார்ல எவ்வளவு இருக்கு?

தம்பி: அறுபது.

அக்கா: மீதி எட்டையும் போடு.

தம்பி: அடுத்த வாரம் பார்க்கலாம்னு...

அக்கா: போடு.

தம்பி: ...சரி. பக்கத்துக்கு நாலு. போட்டாச்சு. பாதம்?

அக்கா: ஊன்றியாச்சு.

தம்பி: பிடி?

அக்கா: இருக்கு.

தம்பி: மூச்சை...

அக்கா: மூச்சைப் பத்தி நீ எனக்குச் சொல்லாதே.

தம்பி: சரி, சரி. போ.

அக்கா: ...

தம்பி: தரையைத் தள்ளு! தள்ளு... வருது, வருது, விடாதே... முட்டியைத் தாண்டிடுச்சு... நில்லு! நிமிர்ந்துட்டே! அக்கா, நிமிர்ந்துட்டே!

அக்கா: எண்ணு.

தம்பி: ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு. போதும், இறக்கு.

அக்கா: எண்ணு.

தம்பி: விரல் வெளுத்துப்போச்சு, இறக்குக்கா!

அக்கா: யாராவது ஓடி வர... பத்து நொடியாவது ஆகும்... எண்ணு!

தம்பி: ஆறு... ஏழு... எட்டு... ஒன்பது... பத்து! பத்து! இறக்கு, மெதுவா, மெதுவா... அப்படித்தான். அழறியா?

அக்கா: நீதான் அழறே. மூக்கைத் துடை. என் பையிலேர்ந்து போனை எடு. என் விரல் மடங்கல, நீயே தபால்காரர் நம்பரைப் போடு. சத்தமா வை, என்னால காதுல வெச்சுப் பிடிக்க முடியாது.

தம்பி: இப்பவேவா? நேர்ல போய்...

அக்கா: சாயங்காலம் நேர்லயும் போறேன். இப்போ சொல்லலேன்னா தெருமுனை தாண்டறதுக்குள்ள மனசு மாறிடும். போடு.

தம்பி: மணி அடிக்குது...

தபால்காரர்: ஹலோ? டீச்சரா? அட! என்ன டீச்சர், எங்களை மறந்தே போயிட்டீங்க!

அக்கா: ஐயா... எப்படி இருக்கீங்க?

தபால்காரர்: கம்பு ஊன்றி வாசல்வரைக்கும் போறேன். நேத்து கேட்டைத் திறந்துட்டேன். நான் வேலை பார்த்த காலத்துல ஒரு நாளைக்கு முந்நூறு கேட்டைத் திறந்த கை, இப்போ ஒரு கேட்டுக்கு வீடே கைதட்டுது.

அக்கா: ஐயா, ஒரு விஷயம் சொல்லணும். குறுக்கே பேசாம கேளுங்க. அன்னிக்கு நான் பின்னாடி வரல. உங்க பக்கத்துலதான் இருந்தேன். உங்க கை என் கையிலதான் இருந்துது. பிடிக்க முடியாம விட்டுட்டேன். விட்டுட்டு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்.

தபால்காரர்: ...

அக்கா: ஐயா?

தபால்காரர்: பேசலாமா இப்போ?

அக்கா: பேசுங்க.

தபால்காரர்: என் மணிக்கட்டுல உங்க நகம் கீறின தழும்பு இன்னும் நாலு கோடு இருக்கு டீச்சர். பின்னாடி வந்தவங்க நகம் எப்படி என் கையில படும்? ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்.

அக்கா: தெரிஞ்சுமா... ஏன் யார்கிட்டயும் சொல்லல?

தபால்காரர்: நீங்க சொல்லாததை நான் ஏன் சொல்லணும்? உங்ககிட்ட ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. நீங்க பிடிச்சு இழுத்ததாலதான் நான் இடுப்பு மேல விழுந்தேன். பிடிக்காம விட்டிருந்தா தலைதான் முதல்ல போயிருக்கும். டாக்டரே சொன்னார். டீச்சர், அழாதீங்க. நானும் உங்ககிட்ட ஒண்ணை மறைச்சிருக்கேன். சொன்னா திட்டக் கூடாது.

அக்கா: சொல்லுங்க.

தபால்காரர்: பயிற்சி கொடுக்க வர்ற பொண்ணு, கால்ல மணல் பையைக் கட்டிவிட்டுத் தூக்கச் சொல்லுது. ரெண்டு கிலோவுல ஆரம்பிச்சு இப்போ அஞ்சுக்கு வந்துட்டேன். நீங்க எடையே கூடாதும்பீங்களேன்னு பயந்துக்கிட்டே தூக்கறேன். மறுபடி கிளாஸுக்கு வந்தா சேர்த்துப்பீங்களா?

அக்கா: ஐயா, சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன். பையைக் கட்டிக்கிட்டே இருங்க. முட்டி எப்படிப் போகுதுன்னு நான் பார்க்கணும்.

தபால்காரர்: வாங்க, வாங்க. கேட்டை நானே திறக்கறேன்.

தம்பி: ...வெச்சுட்டார்.

அக்கா: ம்.

தம்பி: இன்னும் தண்ணி வேணுமா?

அக்கா: வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலையில ஆறரைக்கு நீ வந்துடு. சின்ன எடைகளா எடுத்துக்கிட்டு வா. ஒரு கிலோ, ரெண்டு கிலோ. நிக்கறதை நான் பார்த்துக்கறேன், தூக்கறதை நீ சொல்லிக்கொடு.

தம்பி: நானா? கிளாஸுக்கு உள்ளேயா?

அக்கா: உள்ளே இல்லாம?

தம்பி: அன்னிக்கு அப்படித் தள்ளிவிட்டதுக்கு அப்புறம்... எல்லார் முன்னாடியும் என்னைப் பக்கத்துல நிறுத்திப்பியா?

அக்கா: எல்லார் முன்னாடியும் மறுபடி தள்ளச் சொல்லப் போறேன். ஷூவைக் கழட்டிட்டு வா.

தம்பி: அக்கா... நானும் ஒண்ணு சொல்லணும்.

அக்கா: சொல்லு. இன்னிக்கு எல்லாருக்கும் சொல்ற நாள்.

தம்பி: போன வருஷம், இங்க யாரும் இல்லாத நேரத்துல படுத்துக்கிட்டு பார் தூக்கினேன். பெரிய எடை. மூச்சை அடக்கி ஒரே முக்கு... அடுத்து கண்ணு திறக்கறப்போ பார் நெஞ்சு மேல கிடக்கு. நல்லவேளை, கழுத்துல விழல. டாக்டர்கிட்ட போனா, ரத்த அழுத்தம் எகிறிப்போயிருக்கு. 'தூக்கறது கெடுதல் இல்ல, நீ தூக்கற விதம்தான் கெடுதல். தாய் சி மாதிரி ஏதாவது போய் முதல்ல மூச்சு விடக் கத்துக்கோ'ன்னார்.

அக்கா: போனியா?

தம்பி: எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உன் முன்னாடி வந்து நிப்பேன்? அதனால... நூலகத்துக்குப் பின்னாடி சைக்கிள் நிறுத்தற இடம் இருக்குல்ல. உன் கிளாஸ் ஜன்னல் அந்தப் பக்கம்தான். அங்க நின்னுக்கிட்டு, நீ சொல்லச் சொல்ல... செவ்வாயும் வெள்ளியும். ஒரு நாளும் விடல. கிளாஸ் முடியறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே ஓடிடுவேன், யாரும் பார்த்துடக் கூடாதுன்னு. தபால்காரர் விழுந்த அன்னிக்கும் அப்படித்தான் ஓடினேன். இன்னும் பத்து நிமிஷம் நின்னிருந்தேன்னா...

அக்கா: நின்னிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பிடிச்சிருப்போம். நிக்கல. அதை இதோட விடு. இனிமே நிப்போம்.

தம்பி: கோபம் இல்லையா உனக்கு? ஒரு வருஷமா திருட்டுத்தனமா நின்னு கத்துக்கிட்டிருக்கேன். நீ கையை எப்படித் திருப்பறேன்னு பாதி தெரியாது, பார் தூக்கறப்போ இன்னும் பழைய பழக்கத்துல மூச்சை அடைச்சுடறேன். ஆனா மூச்சை எப்போ இழுக்கணும், எப்போ விடணும்னு நீ எண்றது மட்டும் வெளியிலகூட ஒண்ணு விடாம கேட்கும்.

அக்கா: கேட்காம என்ன? உள்ளே இருக்கறது பதினாலு பேரு, ஒருத்தருக்கும் காது மந்தமில்ல. ஒரு வருஷமா நான் யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தறேன்னு நினைச்சே?